எந்த வழியா வந்தீங்க?

ஓசூர் ராயக்கோட்டை சாலையில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது வினிதாவின் ஸ்டூடியோ. உள்ளே நல்ல கேமரா இருக்கிறது, குடை விளக்குகள் இருக்கின்றன, எந்தத் திசைக்கும் சுழலும் ஒரு நாற்காலி இருக்கிறது. ஆனால் தொழில் நடப்பது இவற்றால் அல்ல, ஒரே ஒரு கேள்வியால்.

பிரபலங்களின் முகத்தில் ஒரு கஷ்டம் உண்டு. அது வீட்டிலிருந்து கிளம்பும்போதே தயாராகி வந்துவிடும். கதாநாயகன் என்றால் தாடை இறுகியிருக்கும். ஆன்மிகப் பேச்சாளர் என்றால் கருணை வழியும், துடைத்தாலும் நிற்காது. தொழிலதிபர் என்றால் தூரத்தில் ஏதோ வெளிநாட்டு ஆர்டர் தெரிவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். "கொஞ்சம் சிரிங்க சார்" என்றால் உதடு மட்டும் நகரும், கடை ஷட்டரைப் பாதி தூக்கிய மாதிரி.

வினிதா அப்படிக் கேட்கவே மாட்டார். விளக்கைத் திருப்பிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோல், "எந்த வழியா வந்தீங்க?" என்பார்.

அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் சாலை வழியாக வந்த யாராலும் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நகைக்கடை திறக்க வந்த ஒரு கதாநாயகன், தாடையை மறந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங் பிடித்துக் காட்டினார். "லாரிக்காரன் இப்படி வர்றான் மேடம், நாம இப்படி ஒதுங்குறோம், நடுவுல ஒருத்தன் ஸ்கூட்டர்ல கேஸ் சிலிண்டரோட வர்றான்!" அந்த முகம்தான் இப்போது ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கிறது. டிவியில் வாரம் தவறாமல் மருமகளின் பாலில் விஷம் கலக்கும் நடிகை, வழியில் அத்திப்பள்ளியில் தானே காரைவிட்டு இறங்கிப் போக்குவரத்தைச் சரிசெய்த கதையைச் சொல்லும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சிரித்தார். கன்வென்ஷனுக்கு வந்த போதகர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆண்டவர் என்னைச் சந்தாபுராவில் சோதித்தார்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளிக்.

சாலையை அகலப்படுத்தச் சொல்லி அடிக்கடி மனு கொடுக்கிறார்களே, அவர்கள் கலைக்கு எதிரானவர்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

வினிதாவின் அப்பா சௌந்தரராஜன் மணப்பாறைக்காரர். சிப்காட்டில் ஒரு கியர் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஓசூருக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' போகவில்லை, மீசையும் போகவில்லை. அது சாதாரண மீசை அல்ல. இரண்டு முனையும் மேல்நோக்கிப் போய்க் கன்னத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பே வளர்த்தது. அவருடைய மேலுதடு எப்படி இருக்கும் என்று மனைவி செல்வம்மாளுக்கே தெரியாது.

அந்த மீசைக்குத்தான் போன வருடம் ஆபத்து வந்தது.

தொழிற்சாலைக்கு வெள்ளிவிழா. ரிசப்ஷனில் மாட்ட சேர்மன் திம்மராயப்பாவின் படம் வேண்டும். உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து லேத் பட்டறைக்கு வேலைக்கு வந்து, பிறகு பட்டறைகளையே வாங்கியவர் அவர். பத்திரிகைகளில் அடிக்கடி வருவார். எல்லாப் படத்திலும் ஒரே முகம், சிமெண்ட் மூட்டைக்குக் கோட்டு மாட்டியதுபோல. அவருக்குப் பல் உண்டா என்பதில் தொழிலாளர்களிடையே இரண்டு கட்சி இருந்தது.

கேன்டீனில் எச்.ஆர். ஜெகதீஷ்தான் பேச்சை ஆரம்பித்தார். மழமழவென்று சவரம் செய்த முகம், கழுத்தில் ஐ.டி. கார்டு.

"பெங்களூர்லேர்ந்து எத்தனை போட்டோகிராஃபர் வந்துட்டாங்கண்ணே. ஒருத்தர் கிலுகிலுப்பைகூட ஆட்டிப் பாத்துட்டாரு. சேர்மன் சிரிக்கல."

"எம் பொண்ணு எடுத்தா சிரிப்பாரு" என்றார் சௌந்தரராஜன்.

"பல்லு தெரிய?"

"கடவாப்பல்லு தெரிய!"

"தெரியலன்னா?"

சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கேன்டீனே பார்த்துக்கொண்டிருந்தது. "மீசைய எடுத்துடறேன்."

"தெரிஞ்சுட்டா நான் மீசை வளக்கறேன்" என்று ஜெகதீஷ் கை கொடுத்தார். கல்லூரியிலிருந்து ஒருநாள்கூட மீசை வைக்காதவர். அவர் மனைவிக்கு மீசை பிடிக்காது என்பது ஊரறிந்த செய்தி.

வீட்டில் வினிதா குதித்தார். "என்னைக் கேக்காம எதுக்குப்பா மீசையைப் பந்தயம் வச்ச?"

"மீசை என்னுதும்மா."

"கேமரா என்னுது!"

செல்வம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே, "போனா போவுது விடு. ஒருக்கா அந்த ஒதட்டைத்தான் பாத்துக்கறேனே" என்றார். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

"பயப்படாத புள்ள" என்று அப்பா தைரியம் சொன்னார். "அந்தக் கேள்விய மட்டும் கேளு. பெங்களூர்லேர்ந்துதானே வர்றாரு?"

வந்தார். ஹெலிகாப்டரில்.

தொழிற்சாலை மைதானத்தில் புழுதி அடங்குவதற்கு முன்பே சௌந்தரராஜனின் கை மீசைக்குப் போய்விட்டது. போர்டு ரூமில் விளக்கெல்லாம் தயார். திம்மராயப்பா உட்கார்ந்தார். வினிதாவுக்கு வேறு வழி தெரியவில்லை, கேட்டுவிட்டார்.

"சார், எந்த வழியா வந்தீங்க?"

அவர் ஒரு விரலை உயர்த்தி மேலே காட்டினார்.

"மேல... டிராஃபிக் ஏதாவது இருந்துச்சா சார்?"

திம்மராயப்பா நியாயமாக யோசித்தார். "ஒரு காக்கா இருந்துச்சு" என்றார். அவர் ஜோக் அடிக்கவில்லை, தகவல் சொன்னார்.

வினிதா அவரை நாற்காலியோடு சுழற்றினார், ஜன்னலோரம் நிற்க வைத்தார், கையில் ஒரு கியரைக் கொடுத்துப் பார்த்தார். கியரின் பல் தெரிந்தது. சேர்மனின் பல் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜெகதீஷ் சௌந்தரராஜனின் காதில், "அண்ணே, டிரிம்மர் போதுமா, ரேசரே வாங்கிட்டு வரவா?" என்றார்.

"படம் முடியட்டும் தம்பி."

"முடிஞ்சிருச்சுண்ணே. எழுந்துட்டாரு பாருங்க."

ஆனால் சாயங்காலம் வானம் வேலைக்கு வந்தது. மேகம் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு இறங்கிவிட்டது. இந்த நிலையில் கிளப்ப முடியாது என்று பைலட் கையை விரித்தார். பேத்தியின் பிறந்தநாளுக்குப் போயாக வேண்டிய திம்மராயப்பா, பல வருடங்களுக்குப் பிறகு, எல்லாரையும்போல் சாலைக்கு வந்தார்.

வினிதாவும் ஸ்கூட்டரில் கிளம்பினார். வீடு ஜூஜூவாடியில். பின்சீட்டில் அப்பா, அவர் மடியில் கேமரா ஸ்டாண்டு. கர்நாடக எல்லைக்கு முன்னால் வண்டிகள் உறைந்து நின்றிருந்தன. ரோஜாப்பூ ஏற்றிய வேன், அதன் வாலில் கம்பெனி பஸ், பஸ்ஸின் விலாவில் ஒரு லாரி. நடுவில் ஒரு கறுப்புக் கார், கதவு திறந்து கிடந்தது.

"வண்டிய நிறுத்தும்மா" என்றார் சௌந்தரராஜன். "அது நம்ம சேர்மன் மாதிரியில்ல இருக்கு?"

நடுரோட்டில், கோட்டோடு, திம்மராயப்பா போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். லாரிக்காரரைத் தெலுங்கில் திட்டினார். எதிர்க் காரைக் கன்னடத்தில் பின்னுக்கு அனுப்பினார். ஷேர் ஆட்டோவுக்குத் தமிழ். மூன்று மொழியிலும் ஒரு வண்டியும் நகரவில்லை. ஓரத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த கெம்பம்மா, பொறுத்துப் பார்த்துவிட்டு, விசிறியாலேயே அவரைச் சுட்டிக்காட்டினார்.

"யோவ் கோட்டு! நீ இறங்கின பிறகுதான்யா எல்லாம் சிக்கிக்கிச்சு! இப்படி ஓரமா வா! ஒரு சோளத்தைத் தின்னுட்டு சும்மா நில்லு!"

ஓரமாக நில் என்று அவரிடம் யாராவது சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். திம்மராயப்பா நிஜமாகவே ஓரமாக வந்தார், சோளத்தைக் கையில் வாங்கினார். அவர் விலகியதும் லாரி ஒரு சாண் நகர்ந்தது.

"பாத்தியா?" என்றார் கெம்பம்மா.

வினிதா கேமராவை வெளியே எடுத்துவிட்டார்.

"சார், எந்த வழியா வந்தீங்க?"

"அதை ஏம்மா கேக்கறே!" என்று திம்மராயப்பா திரும்பினார். "கேட்டைத் தாண்டினேன், பூ வண்டி. அவன் ஒதுங்கினான், நம்ம கம்பெனி பஸ்ஸே வந்து முட்டுது! டிரைவருக்கு என்னை அடையாளம் தெரியல, போய்யா பெரிசுங்கறான்! சரின்னு இறங்கினா இந்தம்மா என்னை..." சோளத்தால் கெம்பம்மாவைக் காட்டினார். மேலே பேச முடியவில்லை. வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் திறந்தது.

முன்பல் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. இத்தனை வருடமும் உதட்டை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஒரு சோள மணி.

கிளிக்.

"கடவாப்பல்லு?" என்று சௌந்தரராஜன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

வினிதா திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். "எண்ணிக்கோப்பா."

ஜெகதீஷ் சும்மா விடவில்லை. ஆபீஸில் எடுத்தால்தான் கணக்கு என்றார், ரோட்டில் சிரித்தது தனிப்பட்ட சிரிப்பு என்றார். படத்தைப் பார்த்த திம்மராயப்பாவும் முதலில் உதட்டைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். பிறகு வீட்டில் பேத்தியிடம் காட்டியிருக்கிறார். அவளுக்கும் அதே இடைவெளி. "தாத்தா, உனக்கும் என் பல்லு!" என்று அவள் குதித்ததில் விவகாரம் முடிந்துவிட்டது. பின்னால் தெரியும் லாரியை அழித்துவிட்டு மலையும் சூரியனும் வைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, "லாரி இருக்கட்டும். அதுல ஓடறது நம்ம கியரு" என்று சொல்லி அனுப்பினார்.

ரிசப்ஷனில் இன்று அந்தப் படம்தான். சோளத்தோடு.

ஜெகதீஷ் வாக்குத் தவறாதவர். மீசை வளர்ந்தது. அடர்த்தி போதாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வளர்ந்தது. வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கும் மெஷின் தினமும் காலையில் அவரை 'மீண்டும் முயலவும்' என்று திருப்பி அனுப்பியது. புகார் கொடுக்க வேண்டியது எச்.ஆரிடம். எச்.ஆர். அவரேதான். கடைசியில் புதுப் படத்துக்காக ராயக்கோட்டை சாலை மாடியேறினார்.

சௌந்தரராஜன் ஏற்கெனவே வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மீசைக்கு அன்று எண்ணெய் கூடுதல்.

"சிரிக்க மாட்டேன்" என்றார் ஜெகதீஷ். "ஐ.டி. கார்டுக்குத்தான். சீரியஸா எடுங்க."

"சரிங்க சார்" என்று வினிதா விளக்கைத் திருப்பினார். "எலக்ட்ரானிக் சிட்டிலதானே வீடு? எந்த வழியா வந்தீங்க?"

"அதை ஏங்க கேக்கறீங்க!" என்று ஜெகதீஷ் நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு உயர்ந்தன. புது மீசை அவரைவிட வேகமாகப் பேச ஆரம்பித்தது.

கிளிக்.

செல்வம்மாள் மட்டும்தான் இன்னும் சமாதானமாகவில்லை. அடுத்த பந்தயம் எப்போது என்று வாரம் ஒருமுறை கேட்கிறாராம்.