மாஸ்டரின் மூக்கு

ஜப்பானில் வேலை செய்யும் என் மகன் நேற்று ஒரு கிராமத்து ரயில் நிலையத்தைத் தொலைபேசியில் காட்டினான். அங்கே நல்ல மழை.

"ஆளே இல்லையம்மா. பூட்டும் இல்லை," என்று பயணிகள் அறையின் கதவைத் தள்ளினான். அது கிறீச்சென்று திறந்தது. உள்ளே ஆட்கள் உட்கார மெத்தை போட்ட நீள வாங்கு.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மன்னாரில் எங்கள் ஊர் ஸ்டேஷனிலும் பயணிகள் தங்கும் அறை ஒன்று இருந்தது. அதன் சாவி ஸ்டேஷன் மாஸ்டரின் இடுப்பில் தொங்கும். மத்தியானம் அவர் படுத்தெழும்ப மட்டும் அந்தக் கதவு கிறீச்சிடும்.

அம்மா கருவாட்டுக் கடகத்தோடு முருங்கன் சந்தைக்கு ரயில் ஏறுவார். ஒரு மாரி நாள், காய்ச்சலில் கொதித்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டரிடம் கெஞ்சினார்.

"பிள்ளைக்குச் சுகமில்லை ஐயா. ஒருக்காத் திறந்து விடுங்கோ."

"கருவாடு நாறும். பெரிய ஆக்கள் வந்தா எங்க இருக்கிறது?" என்றார் அந்தத் துரை.

அந்த ஸ்டேஷனுக்குப் பெரிய ஆள் ஒருவரும் வந்து நான் கண்டதில்லை. வெளியே நின்று நனைந்தோம். ரயில் வரும் நேரம் பார்த்து மாஸ்டர் மறுபடி தலையை நீட்டினார்.

"நல்ல பாரைக் கருவாடு இருந்தா என்ர குசினியில வைச்சிட்டுப் போ."

அறைக்குள் நாறுவது அவருக்குச் சமைக்கும் குசினிக்குள் மணக்குமாம். என்ன மூக்கோ! அம்மாவும் பெரிதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா, கேக்குதோ?" என்றான் மகன். "நீங்கள் அனுப்பின கருவாடு பைக்குள்ள கிடக்கு. நாறும், வெளியில வைக்கிறன்."

"வைக்காதை," என்றேன். "உள்ள கொண்டுபோய் வாங்கில வை. உனக்குப் பக்கத்தில வை."