நான் எழுதாமல் விட்ட காலை

குடியால் வீட்டையும் வேலையையும் இழந்து, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்தில் படுத்தெழும்பியவன் நான். ஒருவழியாகக் குடியை விட்டு, நகரசபை தந்த அறைக்கு வந்தபின், வீடற்றோருக்கான நிலையமொன்றில் நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு ஜெர்மன் எழுத வராது. தமிழில் எழுதுவேன், அங்கு வேலை செய்யும் வதனி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்.

முதற்கதையில் ஒருவன் குளிரில் பியர் போத்தல் திறப்பதை எழுதினேன். மூடி கழலும் சத்தம், நுரை, தொண்டையில் இறங்கும் சுகம், ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அறைக்குத் திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்து, வாங்கிக் குடித்துவிட்டேன். என் எழுத்தே என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

அடுத்த வகுப்பில், குடித்துவிட்டதை வதனியிடம் சொன்னேன். "களைச்சுப் போனன், தங்கச்சி. இனி எழுதமாட்டன்."

"அண்ணை, குடிச்சதை வடிவா எழுதினியள். அடுத்தநாள் விடிய என்ன நடந்தது?"

"அதை எழுத ஏலாது."

"அப்ப அதை எழுதுங்கோ."

குடித்துக் கிடந்த பழைய இரவொன்றின் மறுநாளை எழுதினேன். ரயில் நிலைய வாங்குப் பலகையில், நனைந்த காற்சட்டையோடு கிடந்த காலை அது. "பாக்காதை, வா" என்று ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தமிழ் விளங்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. அன்று நேரே அறைக்குப் போனேன்.

இப்போதும் தாகம் வருகிறது. வந்தால் எழுத உட்காருகிறேன். போத்தலில் தொடங்குவதில்லை, அந்தத் தாயின் குரலில் தொடங்குகிறேன்.