செப்பு அறைக் கதவில் சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்றே என் செட் சோதனையில் தோற்றது. சிப்பாய் முதுகில் சுமந்து போகும் வயர்லெஸ் செட்; நான் வடிவமைத்த முதல் கருவி. அதிலிருந்து கசியும் மின்காந்த அலை பக்கத்துக் கருவிகளைக் கெடுக்கக் கூடாது என்பது ராணுவத் தரநிலை. தேறாவிட்டால் வடிவமைப்பையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

சோதனை நடப்பது செப்புத் தகடு போர்த்திய அறையில். கதவை மூடினால் வெளி அலை எதுவும் நுழையாது என்பது எங்கள் நம்பிக்கை. காலி அறையை அளந்து பார்க்கும் வேலையைப் பூஜைக்கு முன்பே முடித்திருந்தோம். அதனால் சந்தேகமெல்லாம் என் செட்டின் மேல்தான்.

ஓர் அலைவரிசையில் அளவுமானியின் முள் வரம்பைத் தாண்டி நின்றது. நாச்சாரம் தொழிற்பேட்டைப் பட்டறையில் அலையைத் தடுக்கத் தகடு வெட்டி வரச் செய்து, செட்டுக்குள் இரண்டடுக்கு வைத்தேன். அசைவேனா என்றது முள்.

"ஏம்மா, கனந்தான் கூடுது. அலை கொறையலையே?" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர், திருநெல்வேலிக்காரர்.

"எனக்கே புரியலை சார்."

அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கோபத்தில் செட்டை அணைத்தேன். முள் இறங்கவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். அப்போதும் அப்படியே நின்றது. எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று பயந்தேன். அல்வால் பகுதியிலிருந்து வேலைக்கு வரும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஹவ் மேடம், ஆமா, கழட்டியும் நிக்குதே! பேய் கீய் புகுந்துடுச்சா?" என்றார்.

வெளியேறக் கதவைத் தள்ளியபோது உள்ளங்கையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. காய்ந்த சந்தனம். கதவின் ஓரத்திலிருக்கும் பித்தளைப் பட்டைகள் சட்டத்தைத் தொட்டால்தான் அறை சரியாக அடைபடும். கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தது போதாதென்று அந்தப் பட்டைகளுக்கும் பக்தியோடு பூசியிருந்தோம். பட்டை சட்டத்தைத் தொடாத இடங்களின் வழியே வெளி அலை தாராளமாக வந்துகொண்டிருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி அளந்தோம். செட் தேறியது. தலைவர் லட்டு வாங்கி வரச் சொன்னார்.

"சார், அந்தத் தகடுகளைக் கழட்டிடட்டுமா? அது இல்லாமலே பாசாயிருக்கும்."

"பாசானதத் தொடாத. தொட்டா எல்லா டெஸ்டும் மொதல்லேருந்து. அப்படியே போகட்டும்."

அப்படியேதான் போனது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். எங்கோ மலையேறும் சிப்பாய் ஒருவன் கனம் தாங்காமல் அந்தச் செட்டை இறக்கி வைத்து, இந்தத் தகடுகள் எதற்கு என்று கேட்டால், பூஜைச் சந்தனத்துக்காக என்றுதான் நான் சொல்ல வேண்டும்.