அப்பா போட வேண்டிய கையெழுத்து

அத்தையின் கனடா விசா விண்ணப்பப் படிவத்தின் அந்தக் கட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'கணவரை முதன்முதலில் எப்போது, எப்படிச் சந்தித்தீர்கள்?' பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, 'திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, பெரியவர்கள் ஏற்பாட்டில்' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்தவள் நான். அத்தை பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தாள். டீச்சர் அல்லவா, ஒரு கமாவைத் திருத்தச் சொன்னாள். பொய்யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கும் அடுத்த தெருப் பையனுக்கும் பன்னிரண்டு வயதிலிருந்து பழக்கம். சர்ச்சில் ஒரே ஓய்வுநாள் பள்ளி, ஒரே பாடகர் குழு. பதினெட்டு வயதில் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது, அதோடு முடிந்தது. சாதி வேறு என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'ஒத்துவராது' என்பார்கள். அந்த அடுத்த தெருக்காரர் தன் பெற்றோரோடு கனடா போனார். அத்தை கல்யாணமே வேண்டாமென்று பள்ளிக்கூடத்தில் காலத்தை ஓட்டினாள். தொண்ணூறுகளின் நடுவில், அங்கே கட்டிய மனைவியை இழந்து, நரைத்த தலையோடு அவர் திரும்பி வந்து நேராக அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

இந்த முறை அப்பா தடுக்கவில்லை. ஆனால் சபையில் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று, பாஸ்டர் பேசி முடித்த சம்பந்தம் என்றே எல்லாரிடமும் சொன்னார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சர்ச்சில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது. ஊருக்குச் சொன்னதையே நான் படிவத்திலும் எழுதினேன். கல்யாணம் முடிந்து கனடா திரும்பிய அவரோ, தன் படிவத்தில் 'பன்னிரண்டு வயதிலிருந்து நேசிக்கிறேன்' என்று உண்மையை எழுதிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரி, இது விசாவுக்காகச் செய்துகொண்ட கல்யாணம் என்று முடிவுகட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்.

அதன்பிறகு அத்தைக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேலையை வேறு ராஜினாமா செய்திருந்தாள். கட்டிய பெட்டியைப் பிரிப்பாள், ஸ்வெட்டரை எடுத்து மடிப்பாள், மறுபடி கட்டுவாள். டெலிபோன் அடித்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயம். டைப் அடித்த கை என்னுடையது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமானால், அந்தப் பழைய காதலை நேரில் அறிந்த குடும்பப் பெரியவர் ஒருவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று கனடாவில் அவர் பார்த்த வக்கீல் சொல்லிவிட்டார். அப்படி அறிந்தவர்களில் உயிரோடு இருந்தவர் அப்பா மட்டும்தான்.

பத்திரத்தை நான்தான் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தேன். அப்பா படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் அது பையிலேயே கிடந்தது. அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"போட்டா போடுங்க, இல்லன்னா இல்லேன்னு சொல்லிடுங்கப்பா. எதுக்கு இப்படி இழுக்கறீங்க?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

மறுநாள் காலை சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் வாங்க, போலாம்" என்றார்.

நோட்டரி கன்னடக்காரர். கையெழுத்துக்கு முன் பத்திரத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். சின்ன அறை; பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். 'என் தங்கையின் காதலை நான் அறிவேன். அவர்கள் சந்திப்பதை நான் தடுத்தேன்' என்று அவர் படிக்கப் படிக்க, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லா சரி இதியா சார்?" என்று கன்னடத்தில் எல்லாம் சரிதானா எனக் கேட்டு, நோட்டரி பேனாவை நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு விட்டுட்டோம்மா. அவளை அடிச்சேன். பெல்ட்டால. அதையும் எழுது."

எனக்கு அதுவரை தெரியாது.

"அதெல்லாம் வேணாண்ணா," என்றாள் அத்தை. "விசாவுக்கு இதுவே போதும்."

"விசாவுக்கு இல்லம்மா," என்றார் அப்பா.

அந்த அறையின் டைப்ரைட்டரில் நானே அந்த வரியைச் சேர்த்தேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

விசா வந்தது. அத்தை கனடாவில் குடியேறிப் பல வருஷமாகிறது. அப்பா இப்போது இல்லை. ஞாயிறுதோறும் போனில் அவரைப் பற்றித்தான் பேசுவோம். அவர் கோபம், அவர் பாட்டு, கடைசி நாட்கள். அந்த அடியைப் பற்றி மட்டும் அத்தையும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அது எங்கோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் கோப்பில், அப்பாவின் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது.