வெங்காயத்தாமரை எடுத்தவள்

காளியாத்தாளுக்கு மூச்சு நீளம் என்று அவள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சண்டைக்கு நின்றால் நடுவில் மூச்சு வாங்காமல் பேசுவாள் என்பதற்காகச் சொன்னது. ஆனால் அந்த மூச்சு சண்டையில் வளர்ந்ததல்ல, குளத்துக் கரையில் வளர்ந்தது.

அவள் புருஷன் மருதாசலம், அன்னூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரின் குளத்து மதகைத் திறப்பவன். அப்பன் காலத்திலிருந்து அதே வேலை. மதகின் அடைப்புக் கட்டை தண்ணீருக்கடியில் இரண்டாள் ஆழத்தில் இருக்கும். முங்கிப் போய் அதைப் பிடுங்கினால்தான் வாய்க்காலில் தண்ணீர் இறங்கும், கவுண்டமார் வயல் நனையும். அவன் முங்கும்போதெல்லாம் காளியாத்தாள் கரைமேல் நின்று தானும் மூச்சை அடக்கிக்கொள்வாள். அவன் தலை வெளியே தெரிந்ததும் இவளும் மூச்சு விடுவாள். பெருந்துறைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் பயத்தில் தொடங்கியது, பிறகு விடமுடியாமல் போயிற்று.

"முங்கறது நானா நீயா புள்ளே? நீ என்னத்துக்கு மூச்சடக்கறே?" என்று அவன் சிரிப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி மூன்றாம் வருஷத்து மழையில் எந்த ஊர்க் குட்டையிலிருந்தோ வெங்காயத்தாமரை அடித்துக்கொண்டு வந்தது. தண்டு வெங்காயம் மாதிரி உப்பி, ஊதாப் பூவோடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சின்னப் பெண்கள் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மழை போனதும் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கல்லை விட்டெறிந்து பார்க்க வேண்டியதாயிற்று. எருமை இறங்கினால் ஏறத் தெரியாமல் கத்தியது.

ஒரு நாள் மருதாசலம் முங்கி, வழக்கமாக வரும் நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது கழுத்திலும் காலிலும் வேர்க்கொத்து. கரையில் குப்புறப் படுத்து இருமினான். காளியாத்தாளுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஊர்ப் பெரியவர் பொங்கியண்ணக் கவுண்டர் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள்.

"இனி அவரை முங்கச் சொல்லாதீங்க சாமி. குளத்தைச் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்றாள்.

கவுண்டர் கெட்டவர் இல்லை. "ஊர்க் காசுல ஆகற வேலையா காளி இது? ஜில்லா போர்டுக்கு மனு எழுதியிருக்கறேன். ஓவர்சியரு வந்து பாத்து எழுதுனாருன்னா, சர்க்காரே பணம் குடுத்துரும். ஆடியில வாராராமா" என்றார்.

காளியாத்தாள் ஆடியை எதிர்பார்த்திருந்தாள். புருஷன் உயிர் அந்த ஓவர்சியரின் கண்ணில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

இங்கேதான் எங்கள் பக்கத்து மரியாதை குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. கொங்கு நாட்டில் ஒருவர் வருகிறார் என்றால் வாசல் தெளிக்காமல் விடமாட்டார்கள். வருகிறவர் வாசலில் குப்பை கிடக்கிறதா என்று பார்க்கவே வந்தாலும் சரி, தெளித்துவிடுவார்கள்!

ஓவர்சியர் வருவதற்கு முந்தின நாள் காளியாத்தாள் தெருவுக்கு ஆள் வந்தது. குளக்கரை சுத்தமாக வேண்டும், எல்லாரும் இறங்குங்கள் என்றார்கள். கூலி கிடையாது, ஊர் வேலை. அத்தனை பேரும் இறங்கி இழுத்தார்கள். எடுத்து மாளாததை மூங்கிலால் தள்ளி, கருவேலங்காட்டு மூலையில் ஒதுக்கி, குறுக்கே கயிறு கட்டினார்கள். எல்லாரையும்விட மும்முரமாக இழுத்தவள் காளியாத்தாள். மதகு வாயை வேறு யாரையும் தொட விடவில்லை. அடுத்த தடவை அவன் முங்குகிற இடமாவது சுத்தமாக இருக்கட்டுமே என்ற ஆசை. விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. பொழுது சாயும்போது மதகைச் சுற்றித் தண்ணீர் தெளிந்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஓவர்சியர் நரசிம்மலு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். கரையில் பந்தல், வாழைமரம், இளநீர். பந்தலில் உட்கார்ந்தபடியே குளத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, நல்லாத்தானே வெச்சிருக்கீங்க! களை எங்கே?"

"அந்த மூலையில கெடக்குதுங்க" என்றார் கவுண்டர். ஓவர்சியர் எழுந்ததும் கவுண்டர் தடுத்தார். "அங்கே ஒரே முள்ளுங்க. தாங்க என்னத்துக்குச் சிரமப்படறது? உக்காருங்க, இன்னொரு இளநீரு வெட்டச் சொல்றனுங்க."

உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் கூட்டத்தோடு நின்ற காளியாத்தாளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த மனுஷர் எதையும் பார்க்காமல் போகப்போகிறாரே!

"சாமி, இது நேத்து..." என்று ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

மருதாசலம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வாயை மூடு புள்ளே. வந்தவுங்க முன்னால ஊரை உட்டுக் குடுக்கறதா?"

அவன் தெருக்காரர்களை ஊர்க் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்த விடாத ஊர் அது. அந்த ஊரை அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆவணியில் பதில் வந்தது. ஊராரே எடுத்துவிடக் கூடிய அளவுதான் களை இருக்கிறது, பணம் இதைவிட மோசமான குளத்துக்குப் போகிறது என்று. மூலையில் கட்டிய கயிறு இற்றுப்போய், ஐப்பசி மழையில் வெங்காயத்தாமரை பழையபடி கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

கார்த்திகையில் குளம் நிறைந்து கிடக்க, கீழே நட்ட நாற்று வாடியது. மதகைத் திறக்கச் சொன்னார்கள். காளியாத்தாள் வழி மறித்தாள், கெஞ்சினாள், அழுதாள்.

"நாத்துக் கருகுதே புள்ளே. ஒரே முங்குதான், வாரேன்" என்றான்.

இலையைக் கையால் விலக்கி முங்கினான். விலகின இலை கூடிக்கொண்டது. காளியாத்தாள் மூச்சை அடக்கினாள். மூச்சு தீர்ந்தது. அவன் வரவில்லை. மறுபடி இழுத்து அடக்கினாள், அதுவும் தீர்ந்தது. பிறகு அவள் போட்ட சத்தம் ஊருக்குள் கேட்டது.

கொக்கி போட்டு எடுக்கச் சாயங்காலமாயிற்று. காலில் சுற்றிய வேரை அரிவாளால் அறுத்தார்கள். ஆடியில் வெடித்த தன் விரல்களைப் பார்த்துப் பார்த்து அழுதாள் காளியாத்தாள். அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்க வேண்டாமே என்று அழுதாள்.

அதன் பிறகு மதகில் இறங்க ஒருவனும் துணியவில்லை. குளம் நிறையத் தண்ணீர் நிற்க வயல் காய்ந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி இரண்டாவது மனு பறந்தது. பயிர் காய்கிறது என்று எழுதியிருந்தார்கள். மருதாசலம் செத்ததை எழுதவில்லை. அது மனுவில் எழுதுகிற சங்கதி என்று யாருக்கும் தோன்றவில்லை.

தை மாசம் அதே நரசிம்மலு வந்தார். இந்தத் தடவை பந்தல் இல்லை. கரையில் நின்று அசந்துபோனார்.

"ஆடியிலே தெளிஞ்ச தண்ணியா இருந்ததே! அதுக்குள்ளே எப்படி இவ்வளவு?"

கவுண்டர் தரையைப் பார்த்தார். காளியாத்தாள் முன்னால் வந்தாள். இப்போது கையைப் பிடிக்க ஆள் இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தானுங்க சாமி இருந்துது. தாங்க வாரீங்கன்னு முந்தின நாளு நாங்கதான் எடுத்துப்போட்டமுங்க."

ஓவர்சியருக்குக் கோபம் வந்தது. "அதை அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"

"சொல்ல வந்தனுங்க. எங்கூட்டுக்காரருதான் வேண்டாம்னு கையப் புடிச்சுப்போட்டாருங்க."

"யார் அந்த ஆள்? கூப்பிடு இங்கே!"

கவுண்டர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காளியாத்தாள் மதகு வாயைக் கையால் காட்டினாள்.

மாசியில் பணம் வந்தது. களை எடுக்க ஆள் சேர்த்தார்கள். காளியாத்தாளும் போனாள். வயிறு இருக்கிறதே! மதகு வாயில் இறங்கி, அன்று எடுத்த அதே இடத்தில் மறுபடியும் எடுத்தாள். இந்தத் தடவை கூலி கொடுத்தார்கள்.