ஒரு விரற்கடை உயரம்

செத்துப்போன பிள்ளை வளருமா வளராதா என்று எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை சண்டை வரும். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பிக்கும். பெரியம்மா அரியலூருக்குத் துணி எடுக்கக் கிளம்புவாள். பெரியப்பா வாசலிலேயே மறித்துக்கொள்வார்.

“நாலு வயசுல போனவனுக்கு எதுக்குடி வருசா வருசம் பெரிய சட்ட? சாமி வளருமா?”

“இவ வளர்றால்ல? இவளுக்கு ஒரு மாசம் மூத்தவன், அவன் மட்டும் எப்புடி அப்புடியே நிப்பான்?”

‘இவ’ என்பது நான்தான். செத்துப்போனவன் அவர்களுடைய ஒரே மகன். ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழி ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் நிரம்பி, பச்சையாகத் தண்ணீர் நிற்கும். அதில் மூழ்கிப்போனான். அப்போது எனக்கும் நாலு வயது. அவன் முகம் நினைவில்லை. ஒரு மாத மூப்புக்காக அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டதும், மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

அப்படிப் போன பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பொங்கலுக்கு முந்தின நாள் பலகையில் புதுச் சட்டையும் டவுசரும் வைத்து, அவனுக்குப் பிடித்த தேன்மிட்டாயும் வைத்துப் படைப்போம். பிறகு துணி தகரப் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த பொங்கலுக்கு அதை எடுத்துத் தெருவில் யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பெரியம்மா புதியதை வைப்பாள்.

எனக்கோ பெரிய சந்தேகம். இடைப்பட்ட நாட்களில் அவன் அதைப் போட்டுக்கொள்கிறானா? ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பெட்டியைத் திறந்து ஆராய்ச்சி செய்தேன். காலரை மோந்து பார்த்தேன். எங்கள் ஊரில் அரை நாள் வெளியே சுற்றினாலே துணியில் சுண்ணாம்புத் தூசி ஏறிவிடும். அந்தச் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, பாச்சை உருண்டை வாசம்தான் அடித்தது. போடுவதே இல்லை என்று முடிவு கட்டினேன். அப்படியென்றால் பெரியப்பா சொல்வதுதான் சரி.

அளவு பார்க்க ஆள் வேண்டும் என்பதால் கடைக்கு என்னையும் கூட்டிப்போவாள். சட்டையை என் தோளோடு சேர்த்துப் பிடிப்பாள். தோளுக்கு மேல் தன் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து, அந்த அளவுக்குச் சட்டையை உயர்த்தி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பாள். அவன் எப்போதும் என்னைவிட ஒரு விரற்கடை உயரமாம்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், கடையில் புதிதாக ஒரு அக்கா வேலைக்கு வந்திருந்தாள்.

“பையனயும் கூட்டியாந்திருந்தா சரியாப் பாத்துக் குடுத்திருப்பேங்கம்மா” என்றாள்.

“வூட்டுல இருக்கான்மா. இவள விட ஒரு விரக்கடை உசரம்” என்றாள் பெரியம்மா.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த வயது அது. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லி வைத்திருந்தார்கள்.

“இல்லக்கா, அவன் நாலு வயசுலயே குழித்தண்ணியில செத்துட்டான்” என்றேன்.

அந்த அக்கா கையில் எடுத்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. என் தோளில் இருந்த சட்டையை எடுத்து, மேல் பட்டனைப் போட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாலு வயசுப் பையன் போடுற மாரி காட்டும்மா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழக்கம்போல் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கடலைமிட்டாயும் வாங்கித் தந்தாள்.

அந்தப் பொங்கலுக்குப் பலகையில் இருந்தது வாத்துப் படம் போட்ட குட்டிச் சட்டை. இத்தனை வருஷமாகத் தான் சொன்னதுதான் கடைசியில் நடந்திருக்கிறது, பெரியப்பா சந்தோஷப்படுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். “ஏன்டி?” என்று மட்டும் கேட்டார். அவள் சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். சூடம் காட்டுவதற்கு முன்பே அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். பெரியவர்களுக்கு எதைச் செய்தாலும் திருப்தி வராது என்று நினைத்துக்கொண்டு, தேன்மிட்டாயை நான் தின்றேன்.

அதன் பிறகு அந்தச் சண்டை வரவே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே அளவுதான் எடுத்தாள். அளவு மாறாதபோது நான் எதற்கு? கடைக்கு என்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். சாமி வளராது என்பதை நான் ஒருத்தி நிரூபித்துவிட்டதாக எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

குழித்தண்ணீர் கொண்டுபோன பிறகும் ஐந்து வருஷம் அவன் வளர்ந்துகொண்டுதான் இருந்தான், என்னைவிட ஒரு விரற்கடை உயரமாக. அவனை நிறுத்தியது நான்தான் என்று புரிய, என் மகனுக்கு நாலு வயதாக வேண்டியிருந்தது.