நாற்பது நாள் மரக்கறி

மன்னார்த் தீவில் கடற்கரையோரம் பிறந்த ஆம்பிளைக்குக் கத்தரிக்காயைக் கண்டால் தவக்காலம்தான் ஞாபகம் வரும். அந்த நாற்பது நாளும் மீன், இறைச்சி என்று மச்சத்தை விட்டு, பருப்பும் பூசணிக்காயும் தின்று, வருடம் முழுக்கச் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுவார்கள். உயிர்த்த ஞாயிறு விடிந்தால் மரக்கறிக்கு அந்த வீட்டில் வேலையில்லை. என் புருஷன் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். மற்ற நாளில் கீரைக்கறி வைத்தால், "ஏன், ஆரும் செத்திட்டினமோ?" என்று கேட்கிற மனிசன்.

நானோ பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிறவள். நார்ச்சத்து எதில் இருக்கிறது, குடலுக்குள் போய் அது என்ன செய்கிறது என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். மணியடித்ததும் வீட்டுக்கு வந்து சுடச்சுட வெள்ளைச் சோறும் மீன்குழம்பும், போதாததற்கு மீன் பொரியலும் வைக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போன வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமையில், வலையில் கிடந்த திருக்கை இவருடைய காலில் முள்ளை ஏற்றிவிட்டது. கால் பழுத்து வீங்கி, ஆசுபத்திரியில் பத்து நாள் அன்ரிபயோட்டிக் ஊசி போட்டார்கள். கால் ஆறியது, வயிறு கெட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் கக்கூசுக்கு ஓட்டம். வீட்டில் என்றால் ஓடலாம், நடுக்கடலில் எங்கே ஓடுவது? தன்னுடைய தம்பியாரின் போட்டில் இவர்தான் இஞ்சின் பிடிக்கிறவர். எங்கள் பக்கத்துக் கடலில் மீன் படுகிற பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பருவம் கரையில் நின்றவனை அடுத்த பருவம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் எங்கள் மகளின் வயது இருக்கக்கூடிய ஒரு பிள்ளை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"அந்த மருந்து கெட்ட கிருமியோட சேத்து வயித்தில இருந்த நல்ல கிருமியையும் அழிச்சுப்போட்டுது ஐயா. அதுகள் திரும்பப் பெருக வேணுமெண்டால் நீங்கள்தான் சாப்பாடு குடுக்க வேணும்."

"கிருமிக்கு நான் சாப்பாடு குடுக்கிறதோ?" என்று இவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் வழமையா என்ன சாப்பிடுறனீங்கள்?"

"சோறும் மீனும்."

"அதைவிட?"

"புட்டும் மீனும்."

டொக்டர் என் பக்கம் திரும்பி, என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மனையியல் ரீச்சர் என்று சொல்லும்போது என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. டொக்டர் சிரித்தார். "அப்ப நான் என்னத்துக்கு? நீங்களே ஐயாவுக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ, ரீச்சர். கொஞ்சம் கொஞ்சமாத் தொடங்கி, பிறகு நெடுக விடாமல் குடுங்கோ."

நான் தொடங்குவதற்கு முன்னமே கனடாவில் இருக்கிற மச்சாள், இவருடைய அக்கா, முந்திக்கொண்டா. தம்பிக்கு வயிறு சரியில்லை என்று கேட்டதும், ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு தகர ரின் கொடுத்தனுப்பியிருந்தா. ஏதோ வேரில் இருந்து எடுத்த நாராம், நல்ல கிருமிக்கென்றே செய்த மாவாம். என் வாழைக்காயைக் கையால் தள்ளுகிற மனிசன் அந்த ரின்னை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கரண்டி என்று அதில் போட்டிருந்தது. "அது வெள்ளைக்காரற்ற வயித்துக்கு" என்று மூன்று கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு ஞாயிறு பூசைக்கு வந்தார். சுவாமியார் பிரசங்கம் தொடங்கியதும் இவருடைய வயிறும் தொடங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். கோயில் முற்றத்தில் நின்ற கழுதைகள்கூட விலகிப் போனதாகப் பிறகு ஊரெல்லாம் கதை. ரின் அன்றைக்கே அலுமாரிக்குள் போனது.

இனி என் முறை. எனக்குச் சொல்லத் தெரியாதா? நாங்கள் செமிக்க முடியாத நாரைத்தான் அந்தக் கிருமிகள் தின்னும், தின்று பெருகிக் குடலைக் காக்கும், சாப்பாட்டை நிறுத்தினால் அவையும் குறைந்துபோகும், ஆகவே இது நாள்தோறும் செய்கிற காரியம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு விளங்குகிற விசயம். ஆனால் நாள்தோறும் மரக்கறி என்றால் இந்த மனிசன் குதிப்பார், கிருமிக்கதை சொன்னால் இவருடைய மண்டையில் ஏறாது என்று நானே தீர்மானித்தேன். குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன்.

"இஞ்சேருங்கோ, நாப்பது நாள். தவக்காலம் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குப் பிறகு உங்கட விருப்பம்."

"நாப்பது நாளிலை சுகம் வந்திடுமோ?"

"ஓம்."

"அப்ப செய்வம்" என்றார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறு சின்ன வெங்காயத்தோடு காலையில். மத்தியானம் வாழைக்காய்க் கறியோ பயறோ. பின்னேரம் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாக் கூழ். முன்பெல்லாம் கூழில் நண்டையும் இறாலையும் தேடித் தின்றுவிட்டு, பயித்தங்காயையும் பலாக்கொட்டையையும் சட்டியின் அடியில் விட்டுவைக்கிறவர், இப்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார். கலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடிழுத்து வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள்கூடக் களவு செய்யவில்லை. நான்காம் கிழமை ஓட்டம் நின்றது. ஆறாம் கிழமை போட்டில் ஏறினார். கரையில் நின்று பார்த்த எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில்தான்.

நாற்பத்தோராம் நாள், "முடிஞ்சுது!" என்று கலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பன்றியிறைச்சி காய்ச்சினேன். அடுத்த நாள் சுறாவறை, அதற்கடுத்த நாள் மீன் பொரியல். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மூன்று கிழமை போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் வாழைக்காய் வெட்டி அலுத்துவிட்டது. வகுப்பில் அந்த மாதமும் அதே பாடம்தான் நடந்தது.

ஒரு காலை, வலையைப் பாதி இழுத்துக்கொண்டிருக்கையில் இவருக்கு வயிற்றைக் கலக்கியது. போட்டில் நாலு ஆம்பிளைகள். என்ன செய்தார், எப்படிச் சமாளித்தார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மிச்ச வலையை அவசரமாக ஏற்றிக்கொண்டு கரைக்குத் திருப்பியிருக்கிறார்கள். தம்பியார் நல்லவர், வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். "அண்ணை, இந்தப் பருவம் நீங்கள் கரையில நில்லுங்கோ. நான் வேற ஆளைப் பிடிச்சிட்டன்."

இவர் "சரியடா" என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

திரும்பவும் அதே கிளினிக், அதே டொக்டர். இடையில் சுகமாக இருந்ததே, பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். நாற்பது நாள் மரக்கறி சாப்பிட்டதாகவும், பிறகு விட்டதாகவும் இவர் சொன்னார்.

"நாப்பது நாளோ? ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?" டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "திரும்பி வந்த நல்ல கிருமியளைப் பட்டினி போட்டிட்டீங்களே ஐயா. இது நெடுகச் சாப்பிட வேண்டியதெண்டு ரீச்சர் சொல்லேல்லையோ?"

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ வடிவாத்தான் சொன்னவ, டொக்டர். எனக்குத்தான் விளங்கேல்லை. நான் படிக்காதவன்தானே."

டொக்டருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கதிரையை முன்னுக்கு இழுத்து, நார் என்றால் என்ன, கிருமி அதை எப்படித் தின்னும், ஏன் நாள்தோறும் கொடுக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப பழஞ்சோறும் கூழும் நெடுகச் சாப்பிட்டால் காணுமோ, டொக்டர்?" என்று கேட்டார். டொக்டர் சொன்னதைப் புதிதாகக் கேட்கிறவள்போல நானும் தலையாட்டினேன்.